கொம்பை வளர்த்தது ரத்தமா, மேய்ச்சலா?

1/ மாட்டுக் கொம்பும் மான் கொம்பும் ஒண்ணு இல்லைங்க. மாட்டுக் கொம்போட மேலுறை நம்ம நகம் மாதிரி கெரட்டின், ஆயுசுக்கும் இருக்கும். மான் கொம்பு எலும்பு. வருஷா வருஷம் விழுந்து புதுசா முளைக்கும்.

2/ செம்மானுக்கு அந்தக் கொம்பு சில மாசத்துல வளர்ந்தாகணும். அவ்வளவு கால்சியம் தீனியில உடனே கிடைக்காது. அதனால விலா எலும்புகிட்ட கடன் வாங்கும், பிறகு மேய்ஞ்சு அடைக்கும். உடம்புக்குப் போக மிச்சம் இருந்தாத்தான் பெரிய கொம்பு.

3/ இப்ப வரலாற்றுக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலைகள்ல இருக்கிற செம்மானுக்குச் சின்ன உடம்பு, சின்னக் கொம்பு. ஆனா அங்க சதுப்புக்கு அடியில கிடைக்கிற பழங்காலக் கொம்புகள் ரொம்பப் பெருசு. இடையில காடு அழிஞ்சது. காட்டு விலங்கு, சத்தில்லாத மொட்டை மேட்டுல பிழைக்க வேண்டியதாச்சு.

4/ 1871-ல அங்கிருந்த இன்வர்மார்க் எஸ்டேட் மான்கள் சிலதைக் கப்பல்ல கொண்டுபோய் நியூசிலாந்தோட ஒட்டாகோ பகுதியில விட்டாங்க. மான் வாய் படாத மண். அதே ரத்தம்தான். ஆனா சில பத்தாண்டுகள்லயே, பிரிட்டன்லேர்ந்து வேட்டைக்காரங்க தேடி வர்ற அளவுக்குக் கொம்பு பெருத்தது.

5/ அப்புறம் மான் பெருகுச்சு. இளம் மரம், செடி எல்லாம் தின்னு தீர்ந்தது. கொம்பும் சிறுத்தது. பலர் சொன்ன காரணம், “ரத்தம் கெட்டுப்போச்சு.” மோசமான கொம்பு உள்ளதைச் சுட்டாங்க, புது ரத்தம் கலந்து பார்த்தாங்க. காலியானது மேய்ச்சல். காட்டையும் மண்ணையும் காப்பாத்த, 1931-ல அரசே ஆள் வச்சு மான்களைச் சுட ஆரம்பிச்சது.

6/ ஸ்காட்லாந்தோட ரம் தீவுல இதுக்கு நேர்மாறா நடந்தது. ஆய்வுக்காக 1972-ல ஒரு பகுதியில மான்களைச் சுடுறதை நிறுத்தினாங்க. கூட்டம் பெருகுச்சு, கொம்போட எடை குறைஞ்சது.

7/ மரபணுவுக்குப் பங்கு இல்லைன்னு சொல்லல. கொம்போட அளவு ஓரளவு பரம்பரையா வர்றதுதான். ஆனா மரபணு எவ்வளவு தூரம் போகலாம்னுதான் சொல்லும். போய்ச் சேர தீனி வேணும்.

8/ இதை ஏன் ஒரு டாக்டர் எழுதுறேன்? வளர்ச்சி குறைஞ்ச குழந்தையைக் கூட்டிட்டு வர்றவங்க ஓபியில அடிக்கடி சொல்றது, “எங்க வம்சமே இப்படித்தான் சார்.” இருக்கலாம். ஆனா அந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி சாப்பாடு, ரத்தசோகை, அடிக்கடி வர்ற வயித்துப்போக்கு, குடிதண்ணி எல்லாத்தையும் பாருங்க. வம்சத்தை மாத்த முடியாது. தட்டுல இருக்கிறதை மாத்தலாம்.