நீரைத் தேடினார், நெருப்பைக் கண்டார்

கிணறு தோண்டுவோர் நாடுவது நீரை. தென்னார்க்காட்டு மண்ணிலோ, நீரை நாடிய ஒருவருக்கு நெருப்பின் மூலப்பொருள் கிட்டியது. 1930-களின் நடுப்பகுதியில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது, நீருடன் கருநிறப் பொருளொன்றும் மேலே வந்தது. அதை அவர் அலட்சியம் செய்யாமல் அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். ஆய்வுகள் தொடர்ந்தன. அது பழுப்பு நிலக்கரி என்பது உறுதியாயிற்று.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணுக்குத் தென்பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். இடையே நின்ற பெருந்தடை யாது? முதலியார் தேடிய அதே நீர்! கரிப்படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிடில் சுரங்கம் வெள்ளக்காடாகிவிடும். அந்த இடரையும் வென்று, 1962-இல் சோவியத்து நாட்டின் துணையுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது.

இவ்வெற்றிக்கு விலை கொடுத்தோர் யார்?

நிலக்கரியால் புகழ்பெற்ற வேல்ஸ் நாட்டில், பாறைகளின் ஆழத்தில் கிடந்த கரியைத் தொழிலாளர் குழிவழியே இறங்கி வெட்டினர். மேலே அவர்களுடைய ஊர் நின்றது. நெய்வேலியிலோ மேலுள்ள மண்ணை முற்றிலும் வாரியெடுத்தே கரியை அடைய வேண்டும். ஆகவே அங்கே ஊருக்கு அடியில் சுரங்கம். இங்கே ஊர் இருந்த இடமே சுரங்கம். நெய்வேலி என்னும் சிற்றூரின் பெயர் புதிய நகருக்குச் சென்றது. பழைய குடிகள் வேறிடம் சென்றனர். சுரங்கம் விரிய விரிய மேலும் பல ஊர்கள் பெயர்ந்தன. மாற்று நிலமும் தக்க தொகையும் நிலையான வேலையும் கேட்டு அம்மக்கள் பல்லாண்டுகளாகப் போராடி வருகின்றனர்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், முன்னரே கையகப்படுத்திய நிலத்தில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது, அங்கே நெற்பயிர் பசுமையாக நின்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது.

வேல்ஸில் ஆழ்சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன, ஊர்கள் எஞ்சியுள்ளன. நெய்வேலியில் சுரங்கம் ஒருநாள் ஓய்ந்தால், பெயர்ந்தவர்கள் திரும்பிவர ஊர் ஏது?

நம் இல்லங்களில் எரியும் விளக்குக்குப் பின்னே பிறர் துறந்த முற்றம் ஒன்று உண்டு. அவர்களுக்குச் சேரவேண்டியது தருமமன்று. அது அவர்களின் ஹக்கு.