புல்லாங்குழலோடு போன பிள்ளை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வயசுக்கு வந்த பிள்ளைங்க உள்ளவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

தைப்பூசத்துக்கு நான் தொண்டு செய்யிற இடத்துல வருஷா வருஷம் நாலஞ்சு பிள்ளைங்க கூட்டத்துல தொலைஞ்சிடும். "எங்கயாவது நிக்கும், தானா வரும்"னு நாங்க யாரும் சொல்றதில்ல. உடனே மைக்குல பேரு, வயசு, சட்டை கலர் சொல்லிடுவோம். கொஞ்ச நேரத்துல பிள்ளை அம்மா கைக்குப் போயிடும். 40 வருஷத்துக்கு மேல ஆகியும் அம்மா கைக்குத் திரும்பாத ஒரு பிள்ளையைப் பத்தி நெட்பிளிக்ஸ்ல பார்த்தேன். அப்புறம் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தேடித் தேடிப் படிச்சேன். மனசு கேட்கல, அதான் எழுதறேன்.

பிள்ளையின் பெயர் எமானுவேலா ஓர்லாண்டி. 1968 ஜனவரியில் பிறந்தவள். ரோம் நகரத்துக்கு நடுவில் இருக்கிற வத்திக்கான்தான் அவள் வீடு. அப்பா எர்கோலே போப்பாண்டவர் மாளிகை அலுவலகத்தில் வேலை செய்தவர். அதனால் ஐந்து பிள்ளைகளோடு குடும்பமே மதில் சுவருக்குள் குடியிருந்தது. மொத்த வத்திக்கானும் அரை சதுர கிலோமீட்டர் கூட இல்லை. நம்ம ஊர்க் கோயில் வளாகத்துலேயே குடியிருக்கிற குருக்கள் வீட்டுப் பிள்ளைங்க மாதிரின்னு நினைச்சுக்குங்க. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

1983 ஜூன் 22, புதன்கிழமை. அவளுக்கு வயசு 15. ரோம் நகரில் சந்த் அப்போலினாரே தேவாலயத்தை ஒட்டிய இசைப் பள்ளியில் புல்லாங்குழல் வகுப்பு. வெயில் அதிகம். "அண்ணா, கொண்டு போய் விடு"ன்னு கேட்டாள். அண்ணன் பியெத்ரோவுக்கு வேற வேலை இருந்தது, முடியாதுன்னுட்டார். கோபத்தோட கிளம்பிப் போனாள். அந்த ஒரு "முடியாது" இன்னைக்கு வரைக்கும் அந்த மனுஷனை விடல.

சாயந்தரம் 7 மணி வாக்கில் வீட்டுக்கு போன் செய்தாள். வழியில் ஒரு ஆள், அழகுப் பொருள் கம்பெனி பேரைச் சொல்லி, ஒரு பேஷன் ஷோவில் நோட்டீஸ் கொடுக்கிற வேலை இருப்பதாகவும் 375,000 லிரா சம்பளம் என்றும் சொன்னானாம். அந்த வேலைக்கு அது ரொம்ப அதிகம். போனை எடுத்த அக்கா, "முதல்ல வீட்டுக்கு வா, அம்மாகிட்ட கேளு" என்றாள். அப்புறம் கூட்டாளிகளோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். இவள் வீட்டுக்கு வரவே இல்லை.

அன்று ராத்திரியே குடும்பம் போலீசுக்குப் போனது. கூட்டாளிகளோடு எங்காவது போயிருப்பாள், பொறுத்துப் பாருங்கள் என்று சொன்னார்கள். மறுநாள்தான் முறையான புகார். தொலைந்தது முதல் ராத்திரி.

ரோம் சுவர்களில் 3,000 போஸ்டர் ஒட்டினார்கள். நெற்றியில் பட்டை கட்டிய அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். வீட்டு போன் நம்பரும் பத்திரிகையில் வந்தது. யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜூலை 3-ஆம் தேதி ஞாயிறு ஜெபத்தில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவளுக்காக வேண்டுகோள் விட்டார். ரெண்டே நாளில் அமெரிக்க உச்சரிப்பில் ஒருத்தன் போன் செய்தான். 1981-ல் போப்பாண்டவரைச் சுட்ட மெஹ்மத் அலி ஆஜாவை ஜூலை 20-க்குள் விடுதலை செய்தால் பிள்ளையை விடுவோம் என்றான். அவளுடைய இசைப் பள்ளி அட்டையின் நகல்கூட வந்தது. ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு ஒரு ஆதாரமும் வரவில்லை. கெடு முடிந்தது. பிள்ளை வரவில்லை.

2005-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் பெயர் சொல்லாத போன். சந்த் அப்போலினாரேயில் யார் புதைக்கப்பட்டிருக்கிறான் என்று பாருங்கள் என்றது குரல். அங்கே இருந்தது 1990-ல் சுட்டுக் கொல்லப்பட்ட என்ரிகோ தெ பெதிஸ் என்ற ரவுடித் தலைவன். அவள் குழல் படித்த பள்ளிக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் ரவுடிக்குக் கல்லறை! 2012-ல் திறந்தார்கள். அவள் இல்லை. 2019 ஜூலையில் வத்திக்கானுக்குள் இருக்கிற ஜெர்மானியர் கல்லறையில் இரண்டு இளவரசிகளின் சமாதியைத் திறந்தார்கள். அவளும் இல்லை, இளவரசிகளும் இல்லை. ரெண்டும் காலி.

ஒவ்வொரு தடவை கல்லைப் புரட்டும்போதும் அந்தத் தாயின் நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்? கிடைச்சிடணும்னு வேண்டுறதா, கிடைக்கக் கூடாதுன்னு வேண்டுறதா?

சம்பவம் நடந்தது இத்தாலி மண்ணில், விசாரிப்பது இத்தாலியின் வேலை என்பதுதான் வத்திக்கான் பல வருஷமாகச் சொன்ன பதில். முழு வழக்கையும் எடுத்து அங்கே விசாரணை தொடங்கியது 2023 ஜனவரியில். கிட்டத்தட்ட 39 வருஷம் ஆறு மாசம் கழித்து. அதே வருஷம் இத்தாலி நாடாளுமன்றமும் விசாரணைக் குழுவுக்குச் சட்டம் போட்டது. அவளோடு சேர்த்து, 1983 மே 7-ல் அதே ரோமில் காணாமல் போன மிரெல்லா கிரேகோரி என்ற இன்னொரு 15 வயசுப் பிள்ளையைப் பத்தியும் அது விசாரிக்கணும். அப்பா எர்கோலே இதையெல்லாம் பார்க்கவில்லை. 2004-லேயே கண்ணை மூடிவிட்டார்.

வேற சமயத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதல. கோயிலோ தேவாலயமோ, வெளியே தெரிஞ்சா பேரு கெட்டுடும்னு நினைக்கிற பழக்கம் எல்லா இடத்துலயும் இருக்கு. தெரிஞ்சவங்க வாயைத் திறக்காட்டி அந்த இடத்தைக் கட்டுக்கதை வந்து நிரப்பிடும். உளவுத்துறை, ரவுடி, பேங்க் பணம்னு இந்தப் பிள்ளையைச் சுத்தி எத்தனை கதை! கதைதான் வளர்ந்தது, பிள்ளை கிடைக்கல.

ஆனா அண்ணன் பியெத்ரோ விடல. தலை நரைச்சும் அதே படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருக்கார். கல்லறைகள் திறந்ததும் வழக்கு மறுபடி உயிர் பெற்றதும் அந்தக் குடும்பம் விடாம கேட்டதாலதான்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். பிள்ளை நேரத்துக்கு வீடு திரும்பலன்னா அன்னைக்கே போலீஸ் ரிப்போர்ட் செய்ங்க. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்ல. வழியில யாராவது பெரிய சம்பளம்னு ஆசை காட்டினா, உடனே வீட்டுல சொல்லச் சொல்லுங்க. எமானுவேலாவும் சொன்னாள்தான். அதனால சொன்னதும் அங்கேயே நிக்கச் சொல்லிட்டு நாம கிளம்பிப் போகணும். நேத்து என் மகள் டியூஷன் முடிஞ்சு "அப்பா, வந்து ஏத்திக்கிறீங்களா"ன்னு போன் பண்ணா. உடம்பு அசதிதான். ஆனா "முடியாது"ங்கிற வார்த்தை வாயில வரல. சாவியை எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன்.