எட்டுப் பேர் பிழையாகச் சொன்னால்

வகுப்பில் எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே விடையைச் சொல்கிறார்கள். அது பிழை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தது உங்கள் முறை. என்ன சொல்வீர்கள்?

இந்தக் கேள்வியைப் பரிசோதனையாக்கியவர் சொலமன் ஆஷ். 1907 இல் வார்சா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, 1920 இல் சிறுவனாக நியூயோர்க் வந்தவர். எங்களில் பலரின் பெற்றோரைப் போல, அவரும் புதிய நாட்டில் ஆங்கிலம் தெரியாமல் தடுமாறித்தான் தொடங்கினார். பின்னர் பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் உளவியல் பேராசிரியரானார்.

1951 இல் அவர் வெளியிட்ட பரிசோதனை மிக எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். தனியாகச் செய்தால் பிழை நூற்றில் ஒன்றுகூட வராது. ஆனால் அந்த அறையில் ஒரேயொரு மாணவனைத் தவிர எல்லோரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றுகளில் 12 இல் அவர்கள் வேண்டுமென்றே ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள்.

123 மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தபோது, அந்தச் சுற்றுகளில் கிடைத்த விடைகளில் ஏறத்தாழ 37 சதவீதம் பிழை. முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது குழுவோடு ஒத்துப்போனார்கள். யாரும் மிரட்டவில்லை. சிலர் தங்கள் கண்ணையே சந்தேகித்தார்கள். வேறு சிலர், பிழை என்று தெரிந்தும் தனித்துத் தெரிய விரும்பவில்லை.

இதை வைத்து "மனிதர்கள் ஆட்டுமந்தை" என்று பலர் எழுதினார்கள். அது பாதிக் கதைதான். விடைகளில் பெரும்பகுதி சரியாகவே இருந்தது. கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட மாறவில்லை. விடையைப் பேசாமல் எழுதித் தரச் சொன்னபோது பிழைகள் வெகுவாகக் குறைந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது: குழுவில் ஒரேயொருவர் உண்மையைச் சொன்னாலே, பிழைகள் ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கின.

எங்கள் கொண்டாட்டங்களிலும் யாராவது ஒருவரின் நிறத்தையோ சாதியையோ வைத்துப் பகிடி பண்ணுவதும், எல்லோரும் சிரிப்பதும் நடக்கிறது. சிரிப்பவர்கள் அனைவரும் அதை ஏற்றுக்கொண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். "இது சரியில்லை" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னாலும், அதே எண்ணத்தோடு பேசாமல் இருக்கும் இன்னொருவருக்கு அது துணையாகும்.