ஏலமன்று, கரும்புப் பதிவு

பாலக்கோட்டில் விளைச்சல் இருவகையாக விலைபோகும். தக்காளி மண்டிக்கு வருகிறது. கேட்போர் மிகுந்தால் விலை ஏறும், எவரும் கேளாத நாளில் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் சாலையோரத்தில் கொட்டப்படும். கரும்பின் கதை வேறு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் பதிவு செய்துவிட்டால், வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். எந்தப் பகுதிக் கரும்பு எந்த ஆலைக்கு என்று ஒதுக்கும் அதிகாரத்தை 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை அரசுக்கு அளித்திருக்கிறது. குறைந்தபட்ச விலையும் அரசு அறிவிப்பதே. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. நடத்தும் புதுமுகத் தேர்வை, அதாவது டிராஃப்டை, யாரேனும் ‘ஏலம்’ என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் ஊரின் இவ்விரு பயிர்களும் நினைவுக்கு வரும். டிராஃப்ட், தக்காளி ஏலமன்று.

ஏலத்தில் வாங்குவோர் ஒருவரோடொருவர் மோதுவர். டிராஃப்டிலோ அவர்கள் மோதாமலிருக்க முன்கூட்டியே உடன்பட்டிருக்கிறார்கள். தோற்ற அணிகள் முதலில் தேர்ந்தெடுக்கும். ஓர் அணி ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டால் அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அவ்வணிக்கு மட்டுமே. 1947இல் முதல் தேர்வு நடந்தபோது அமைப்பின் பெயரே வேறு; இன்றைய பெயர் 1949இல் வந்தது. அந்த முதல் தேர்வின் முதல் பெயர் கிளிஃப்டன் மெக்நீலி. அழைத்த பிட்ஸ்பர்க் அணி அவ்வாண்டே கலைந்துபோயிற்று. அவரோ டெக்சாஸில் பள்ளிப் பயிற்றுநராகப் போய்விட்டார். தொடக்கமே இப்படி!

கரும்பு ஒப்புமை வெறும் அலங்காரமன்று. 1949 முதல் 1965 வரை ‘பிரதேசத் தேர்வு’ என்றொரு விதி இருந்தது. தன் அரங்கைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் விளையாடிய கல்லூரி வீரரை, முதற்சுற்று உரிமையை விட்டுக்கொடுத்து, ஓர் அணி முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்ப் பிள்ளையைக் காணக் கூட்டம் வரும் என்பது கணக்கு. வில்ட் சேம்பர்லின் தொலைவிலுள்ள கான்சாஸில் கல்லூரி ஆட்டம் ஆடினார். இருந்தும் பள்ளிப்படிப்பு பிலடெல்பியாவில் என்பதைக் காட்டி 1959இல் அந்நகரத்து அணி அவரைத் தனதாக்கிக்கொண்டது. நாற்றங்காலிலேயே பதிவு!

மறுவருடம் சின்சினாட்டி அணி இதே விதிப்படி ஆஸ்கர் ராபர்ட்சனை எடுத்தது. பத்தாண்டுகள் கழித்து, வீரர் சங்கத் தலைவராக, அதே ராபர்ட்சன் வழக்குத் தொடுத்தார். 1970இல் தொடங்கி 1976இல் சமரசத்தில் முடிந்த அவ்வழக்குக்குப் பின், புதுமுகத்தின் மீது அணிக்குள்ள உரிமை ஓராண்டுக்குக் குறுக்கப்பட்டது. உடன்படாதவர் அடுத்த தேர்வில் மீண்டும் நிற்கலாம். டிராஃப்டின் வரலாற்றில் எந்த நட்சத்திரத்தின் வருகையையும்விட இவ்வழக்கே பெரிது என்பது எங்கள் எண்ணம்.

தோற்பவருக்கு முதலுரிமை என்றால் தோற்பதே ஆதாயமாகிவிடும். ஹூஸ்டன் அணி 1983-84 பருவத்தில் வேண்டுமென்றே தோற்றதென்ற ஐயம் எழுந்தது. 1985இல் குலுக்கல் வந்தது: ஏழு உறைகள், ஒளி ஊடுருவும் ஓர் உருளை, உள்ளே கைவிட்டு எடுத்தவர் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு சொல்லும் குடவோலை நமக்கு நினைவு வராமல் போகுமா? அங்கே ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். அந்த முன்யோசனை அமெரிக்கர்களுக்கு இல்லை. நியூயார்க் அணியின் உறையைக் குளிரூட்டி வைத்து அடையாளம் கண்டார்கள் என்ற வதந்தி அடுத்த பல பத்தாண்டுகளுக்கும் ஓயவில்லை.

விலைக்கு வருவோம். 1994இல் கிளென் ராபின்சன் என்ற புதுமுகம் பத்தாண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் பெற்றார். மறுவருடமே புதுமுகங்களுக்கு ஊதியப் படிநிலை கொண்டுவரப்பட்டது. நம் பக்கத்தில் எதிர்த்திசை. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் முதலில் டிராஃப்ட் முறையில் நடந்து, 2023இல் ஏலத்துக்கு மாறியது. அந்த முதல் ஏலத்தில் சாய் சுதர்சனுக்கு 21.6 லட்சம் ரூபாய். அப்போது ஐ.பி.எல்.லில் அவர் விலை 20 லட்சம்!

2015 ஜூன் 25 அன்று புரூக்ளினில் 52ஆவது பெயராக சத்னாம் சிங் பமாரா அழைக்கப்பட்டார். பஞ்சாபின் பல்லோகே கிராமத்து உழவர் வீட்டுப் பிள்ளை, 7 அடி 2 அங்குலம். இந்தியாவில் பிறந்தவர்களில் இவ்வாறு அழைக்கப்பட்ட முதல் வீரர். அழைத்தது டல்லாஸ். இரண்டாம் சுற்றில் அழைக்கப்படுபவருக்குப் படிநிலை ஊதியமும் உறுதியில்லை. டல்லாஸின் கிளை அணியில் ஆடி, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலும் களமிறங்காமலே திரும்பினார். பின்னர் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றார். அவருக்கு இரண்டு மாதம் முன்பு, அதே ஏப்ரலில், கனடாவில் பிறந்த பஞ்சாபி சிம் புல்லர் சாக்ரமென்டோ அணிக்காக என்.பி.ஏ. களத்தில் இறங்கியிருந்தார். 2014ஆம் ஆண்டுத் தேர்வில் அவர் பெயரை ஓர் அணியும் அழைக்கவில்லை.