காரியாலயத்தில் சமத்துவம்: கல்கத்தா கற்பிக்கும் பாடம்

உரிமைப் போராட்டம் என்றவுடன் வீதியும் மேடையும் சிறைச்சாலையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அமெரிக்கத் தலைநகரில் கறுப்பின மக்கள் முன்னின்று நடத்திய மாபெரும் பேரணியை உலகம் அறியும். அன்று மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையையும் அறியும். ஆயினும், அதனை நடத்தியவர்கள் ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’ என்றே அதற்குப் பெயர் சூட்டினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். உரிமை என்பது முடிவில் உத்தியோகத்திலும் சம்பளத்திலும் சக ஊழியர் காட்டும் மரியாதையிலும் வந்து நிற்க வேண்டிய ஒன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இவ்வுண்மையை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நாம் பிழைக்க வந்த இக்கொல்கத்தா நகரமே, கல்கத்தா என வழங்கிய காலத்தில், அதனைக் கண்டிருக்கிறது.

1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம், சமயம், பிறப்பிடம், வம்சம், நிறம் ஆகியவற்றைக் காரணங்காட்டி எந்த இந்தியருக்கும் கம்பெனியின் பதவிகளை மறுத்தலாகாது என்று விதித்தது. எழுத்தில் இருந்த அந்நீதி நடைமுறைக்கு எளிதில் வரவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, 1885-இல், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய ஜகதீச சந்திர போஸ் இந்நகரின் பிரெஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். ஐரோப்பியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு உரியது என்பது அக்காலத்து வழக்கம். அவருடைய நியமனம் தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே தர முன்வந்தனர்.

போஸ் பதவியைத் துறக்கவில்லை, கூச்சலிடவும் இல்லை. அச்சம்பளத்தைத் தொட மறுத்து, மூன்று ஆண்டுகள் நாள் தவறாமல் பாடம் நடத்தினார். குடும்பமோ கடனில் ஆழ்ந்திருந்தது. இறுதியில் கல்லூரி முதல்வர் டானியும் கல்வித்துறை இயக்குநர் கிராஃப்டும் அவருடைய தகுதியை உணர்ந்தார்கள். பதவி முன்தேதியிட்டு நிரந்தரமாக்கப்பட்டது. மூன்றாண்டுச் சம்பளமும் முழுமையாக ஒரே தொகையாய் வந்து சேர்ந்தது.

இக்கதையை இத்துடன் முடித்துவிட்டால் நாம் பெருமிதம் அடையலாம். பாடம் பெற மாட்டோம். 1889-இல் அதே கல்லூரிக்கு, எடின்பரோவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பிரபுல்ல சந்திர ராய் ரசாயன ஆசிரியராக வந்தார். அவருக்குக் கிடைத்தது மாகாண வரிசையில் மாதம் 250 ரூபாய்ப் பதவியே. போஸ் வென்றார், விதி மாறவில்லை. ஒரு மனிதரின் தியாகம் ஒரு மனிதருக்கே நீதி பெற்றுத் தந்தது. அன்றியும், மூன்றாண்டு சம்பளத்தை மறுத்து நிற்கும் வல்லமை அன்றாடம் காய்ச்சும் தொழிலாளிக்கு ஏது?

போஸின் மனைவியார் அபலா தேவியின் வரலாறு இதனினும் நமக்கு நெருங்கியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்காத காரணத்தால், அவர் 1882-இல் நம் சென்னைப் பட்டணத்துக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பு நிறைவு பெறவில்லை. பின்னர் இந்நகரிலேயே அக்கதவு திறந்தது. காதம்பினி கங்கூலி உள்ளே சென்று மருத்துவரானார். கதவு திறந்ததனால் மட்டும் மதிப்பு வந்துவிடவில்லை. அவரது ஒழுக்கத்தைப் பழித்து ஒரு பத்திரிகை எழுதியது. அவர் நீதிமன்றம் சென்றார். 1891-இல் அதன் ஆசிரியர் சிறைத்தண்டனை பெற்றார். இடம் அளித்தல் வேறு, இடம் பெற்றவரை மதித்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாவதாக ஒன்று. 1924-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் இந்நகரின் மேயரானார். சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியானார். மக்கள்தொகையில் பெரும்பங்கு வகித்தும் உத்தியோகங்களில் மிகச் சிலராகவே இருந்த முஸ்லிம்களுக்கு அவர்கள் நகராட்சிப் பதவிகளை மனமுவந்து வழங்கினர். பதவிகள் தமக்கே உரியவை என்று பழகியவர்கள் வெகுண்டெழுந்தனர். 1925-இல் தாஸ் மறைந்தார். மறு ஆண்டிலேயே அவருடைய வங்க ஒப்பந்தத்தை மாகாணக் காங்கிரஸ் கைவிட்டது. பிரிவினையின் துயரை அறிந்த நாம், அந்த இழப்பை எளிதாக எண்ண முடியுமா?

நமது அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு, அரசுப் பணியில் சமயம், இனம், சாதி, பால், வம்சம், பிறப்பிடம், வசிப்பிடம் என ஏழு வேற்றுமைகளையும் விலக்குகிறது. சொற்களை மொழிபெயர்த்தே காலங்கழிக்கும் நான் ‘பிறப்பிடம்’ என்னும் சொல்லில் சற்றே தயங்கி நிற்பதுண்டு. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, ஹௌராவில் இறங்கி, லேக் மார்க்கெட்டைச் சூழக் குடியேறிய நம் முன்னோரைக் காக்கும் சொல் அன்றோ அது?

இன்று நாம் வாசலில் நிற்பவர்கள் அல்லர்; உள்ளே அமர்ந்திருப்பவர்கள். ஆகவே கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. நம் காரியாலயத்தில் துப்புரவுப் பணியாளருக்குத் தனிக்குவளை உண்டா? ஒரே வேலையைச் செய்யும் ஒப்பந்த ஊழியர் எவ்வளவு பெறுகிறார்? வடகிழக்கிலிருந்து வந்த பெண்ணின் முகத்தைக் கண்டு யாரேனும் நகைக்கின்றனரா? ஆள் எடுக்கும்போது நம் ஊரார், நம் சாதியார் என்று நம் கை சாய்கிறதா?

இவற்றை நேரே கேட்டால் வாய்கள் மூடிக்கொள்ளும், கேட்டவரே பகைவராவார். சரித்திரம் உதவுவது இங்கேதான். ‘1885-இல் அக்கல்லூரியில் முழுச் சம்பளம் பெற்ற ஐரோப்பிய ஆசிரியராய் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் எவரும் குற்றவாளி ஆகாமையால், பேச்சு தடையின்றித் தொடங்கும். ‘நானும் சும்மாதான் இருந்திருப்பேன்’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அப்பொழுதே பாதி வழி கடந்தவராவோம். ஆனால் பேச்சு 1885-இலேயே தங்கிவிடலாகாது. அன்றைய சம்பளப் பட்டியலை மூடியதும், இன்றைய பட்டியலைத் திறக்க வேண்டும்.

டானியும் கிராஃப்டும் தம் முடிவை மாற்றிக்கொண்டதையும் மறவாதிருப்போம். மறுப்பதற்கு ஒருவர் துணிந்தது எவ்வளவு அவசியமோ, திருத்திக்கொள்ள அதிகாரத்தில் இருந்தவர் இசைந்ததும் அவ்வளவு அவசியம். முன்னதற்கு அரிய வீரம் வேண்டும். பின்னது, நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியதே.