மலையும் மன அமைதியும்

குன்றுதோறும் குமரனைக் கண்டு தொழுதவர் நம் முன்னோர். மலையையே சிவமாகப் போற்றும் தலம் திருவண்ணாமலை. அதன் மடியில் வாழ்ந்த ஞானி பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி.

1879-ஆம் ஆண்டு திருச்சுழியில் தோன்றிய அவர், 16 வயதில், 1896 செப்டம்பர் முதல் நாள் அருணாசலத்தை அடைந்தார். 1950-இல் மகாசமாதி எய்தும்வரை அம்மலையைவிட்டு அகன்றாரில்லை. 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் தங்கினார். கந்தாசிரமம் இயல்பாய் அமைந்த சோலையன்று. கந்தசாமி என்னும் அடியவர் கற்சரிவைத் திருத்தி, மரங்கள் நட்டு உருவாக்கியதாகும்.

காலப்போக்கில் விறகுக்காக வெட்டப்பட்டும், தீயினாலும் மேய்ச்சலினாலும் அம்மலை பசுமை இழந்தது. 1980-களின் இறுதியில் அன்பர்கள் மரக்கன்றுகளை நட்டு அதனை மீட்கத் தொடங்கினர். மலையை வலம் வருவதோடு, அதைக் காப்பதும் வழிபாடே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

குளுவாங் வாழ் நமக்கும் 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக் வாய்த்துள்ளது. நம் ஊரின் பெயரே பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகும். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் மூத்தோர், விடியலின் அமைதியை நாள்தோறும் அறிந்திருந்தனர். மரத்தடியில் தெய்வத்தை வைத்து வணங்கினர். நகரில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ அவ்வமைதி கிட்டுவதில்லை.

ஆகவே, விடுமுறை நாள்களில் அவர்களை மலைக்கு அழைத்துச் செல்வோம். சிறிது நேரம் பேச்சின்றி அமர்வோம். ஒரு நெகிழிப் புட்டியையும் அங்கு விட்டுவராதிருப்போம். மலை தூய்மையாக இருந்தால்தான் அதை நாடும் மனமும் தூய்மை பெறும். திருவருள் துணை நிற்பதாக!