மொட்டைக் கோபுரமும் முதல் ஸ்கேனரும்

தென்காசி கோயிலுக்கு இப்போதிருக்கும் ராஜகோபுரம் 1990-ல் வந்தது. அதற்கு முன் பிளந்து நின்ற மொட்டைக் கோபுரத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் முன்னால் அப்பா தோளில் துண்டோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் 2000-ல் ஸ்கேனர் வாங்கினேன்.

இன்றைக்கு யு.எஸ்.பி. வயரைச் சொருகினால் வேலை முடிந்தது. யு.எஸ்.பி. 1996-லேயே வந்துவிட்டது என்றாலும் எனக்கு வாய்த்தது பழைய மாடல். கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டருக்கென்று 25 துளையுள்ள 'பேரலல் போர்ட்' ஒன்றுதான் உண்டு. அதில் ஸ்கேனரை மாட்டி, ஸ்கேனரின் முதுகில் பிரிண்டரை மாட்ட வேண்டும். முதலில் ஸ்கேனருக்குக் கரண்ட், அப்புறம்தான் கம்ப்யூட்டர். எல்லாம் முறையாகச் செய்தும் உள்ளே கடகடவென்று சத்தம் வந்ததே தவிர படம் வரவில்லை. கடைக்குப் போன் போட்டேன்.

"சார், அடியில ஒரு பூட்டு இருக்குமே, திறந்தீங்களா?"

திறக்கவில்லை! கண்ணாடிக்கடியில் விளக்கோடு நகரும் வண்டி, பயணத்தில் ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டு அது. அந்த வண்டி படத்தை வரி வரியாகப் பார்த்து, எவ்வளவு வெளிச்சம் திரும்புகிறதோ அதை எண்ணாக்கி அனுப்புகிறது.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் ரஸ்ஸல் கிர்ஷ். 1957-ல் மூன்று மாதக் கைக்குழந்தையான தன் மகனின் படத்தை உருளையில் சுற்றி, முதன்முதலாகக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். நீளத்தில் 176 புள்ளி, அகலத்தில் 176 புள்ளி, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் தாங்காது.

எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. மூன்றரைக்கு ஐந்தரை அங்குலப் படம். 300 டி.பி.ஐ. வைத்தால் 1.44 எம்.பி. பிளாப்பியில் அடங்கவில்லை. மெட்ராஸில் இருந்த தம்பிக்குப் பிளாப்பியில் அனுப்ப வேண்டுமே என்று 75-க்குக் குறைத்தேன். அங்குலத்துக்கு 75 புள்ளி. திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. படத்தை ஃபிரேம் போட்டு குற்றாலத்தில் அக்கா வீட்டுச் சுவரில் மாட்டக் கொடுத்துவிட்டேன்.

சாரல் காலத்தில் அங்கே தீப்பெட்டியே நமுத்துப் போகும். நான்கைந்து வருஷத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது அப்பாவின் முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. மிச்சம் 412-க்கு 262 புள்ளி. கோபுரத்தின் பிளவு தெரிகிறது. அப்பா சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. சிரிக்கிறார் என்கிறாள் அக்கா.

இப்போது அப்பாவின் கடிதங்களை 600-ல் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மொட்டைக் கோபுரம் தெரியும் பழைய படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஸ்கேனரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.